மீன் தண்ணி

விம்கோ நகர் ஸ்டேஷனில் இறங்கிக் கடல் பக்கமாக நடந்தால் மூடிப்போன கம்பெனி ஒன்றின் ஆபீசர் கிளப் வரும். கம்பெனி போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. அதன் சங்குச் சத்தத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்த பெண்களெல்லாம் முட்டி வலி என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஷேர் ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் "கிளப்பு எறங்கு, கிளப்பு எறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் கிளப்பும் கிடையாது, ஆபீசரும் கிடையாது. காரை பெயர்ந்த கட்டடமும், அதைச் சுற்றி நாய்கள் குட்டி போடும் ஒரு புதர்க்காடும்தான்.

அந்தப் புதர்க்காடு ஒரு காலத்தில் புல்தரையாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பார்த்தீனியம் இடுப்பு உயரம் நின்றது. அதற்குக் கீழே கோரை, கோரைக்குக் கீழே நெருஞ்சி, எல்லாவற்றுக்கும் மேலே எங்கிருந்தோ ஏறி வந்த அடப்பங்கொடி. இத்தனையையும் விலக்கிப் பார்த்தால் பாட்டில் சில்லு. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றில் வரும் கரித்தூள் இலைகளின் மேல் படிந்து, பச்சை என்பதே அங்கே சாம்பல் கலந்த பச்சைதான்.

தை மாதம் அந்த இடத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். கல்யாண ரிசப்ஷனுக்கு வாடகை விடுவதாக உத்தேசம். கட்டடத்துக்கு வெள்ளையடித்தாயிற்று, ஏசி மாட்டியாயிற்று, வெளியே மணமக்களுக்கு மேடை கட்டியாயிற்று, முன் பக்கம் பெரிய கேட் போட்டாயிற்று. பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடிந்து ஒரு சந்து இருந்தது; அதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முன் பக்கம் இருந்தால் உடனே பூசியிருப்பார்கள். பின் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்.

புல்தரையைச் சீர் பண்ணுகிற வேலைக்கு வந்தவன் வரதன். இந்த வேலைக்கும் அவனுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்னால் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஏறியவன். ஐப்பசியில் நடுக்கடலில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஐஸ் பெட்டி மேலேயே படுக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இனிமேல் கயிறு இழுக்கக்கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கயிறு இழுக்காதவனுக்கு லாஞ்சில் என்ன வேலை?

அவன் பெண்சாதி பூவம்மாவுக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம். அவளுடைய அண்ணன் கடலுக்குப் போன போட் திரும்பவே இல்லை. ஒரு பலகைகூட கரை ஒதுங்கவில்லை. அன்றைக்கு முதல் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் கரையில் இருக்க வேண்டும். விடியற்காலை காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து கூடை தூக்கி விற்றுக் குடும்பத்தை அவளே ஓட்டினாள். "நீ கரையில இரு, நான் தூக்குறேன்" என்பாள். சொல்கிறவளுக்கு அது சுலபம். கேட்கிறவனுக்கு அப்படி இல்லை.

தண்ணி லாரி ஓட்டும் அத்தாவுல்லா வரதனுக்குப் பழைய தோஸ்து. கிளப்புக்குத் தண்ணீர் அடிக்கிற வேலை அவனுக்கு வந்தபோது, ஆள் வேண்டும் என்று கேட்ட சூப்பர்வைசர் திருமுருகனிடம் வரதன் பெயரைச் சொன்னவன் அவன்தான். திருமுருகன் நல்ல மனிதர்தான், ஆனால் மேலே பதில் சொல்லவேண்டியவர்.

"பங்குனி கடைசியில மொதல் ரிசப்ஷன் புக் ஆயிருக்குப்பா. அதுக்குள்ள லான் பச்சையா நிக்கணும். நின்னுச்சுன்னா உனக்கு இங்கயே வேலை, பர்மனென்ட். இல்லன்னா முதலாளி பிளாஸ்டிக் புல்லைக் கொண்டாந்து விரிச்சுடுவாரு. அதுக்குத் தோட்டக்காரன் தேவையில்ல."

அன்று வீட்டுக்கு வந்து வரதன் பழைய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான். முந்தின நாள் வவ்வால் மீன் குழம்பு சுண்டிப்போய்ச் சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சோற்றோடு பிசைந்தபடி விஷயத்தைச் சொன்னான். பூவம்மா கேட்டுக்கொண்டிருந்தவள், முருங்கை மரத்தடியில் போய் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"புல்லு தானே? வளர்த்துடலாம்யா. அது இன்னா கஸ்டம்."

"புல்லு தானேன்னு சொல்லாத. அது லானு. வேற மாரி." அவன் சட்டியை வழித்தான். "அப்பால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கூடையத் தூக்கிகினு அந்த கேட்டாண்ட வந்துறாத."

"ஏன், வந்தா இன்னா?"

"அங்கல்லாம் டீசன்டான எடம்மே. சூப்ரவைசரு கீறாரு, இஞ்சினீரு வர்றாரு. மீன் கூடையப் பார்த்தா ஒரு மாரி நெனப்பாங்க."

"கூடை இல்லன்னா இத்தினி மாசமா உனுக்கு சோறு எங்கருந்து வந்துச்சாம்?"

"அத்த யாரு இல்லன்னா? வராதன்னா வராத, அவ்ளோதான்."

அவள் சிரித்துவிட்டுச் சட்டியைக் கழுவ எடுத்துப் போனாள். சிரித்தாள் என்பதால் அவன் அந்தப் பேச்சை அங்கேயே மறந்துவிட்டான்.

கோரையைப் பற்றி வரதனுக்கு ஒன்றும் தெரியாது. முதல் வாரம் முழுக்கக் கையால் பிடித்துப் பிடித்துப் பிடுங்கினான். தரை வெறிச்சென்று ஆனதைப் பார்த்து, இவ்வளவுதானா வேலை என்று பீடி பற்றவைத்தான். அடுத்த வாரமே அத்தனையும் ஊசி ஊசியாக, முன்னைவிட அதிகமாக மேலே வந்துவிட்டது. தண்ணீர் அடிக்க வந்த அத்தாவுல்லா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமு, இது தலைய வெட்டினா சாவற ஜாதி இல்ல. கீழ கெழங்கு கீது. அத்த எடுக்காம இன்னா பிடுங்கினாலும் வேஸ்ட்டு."

"உனுக்கு எப்படி பாய் தெரியும்?"

"எங்கூருல வயலு முச்சூடும் இதான். எங்க அத்தா இத்தோட மல்லுக்கட்டியே போய்ச் சேர்ந்தாரு. அதான் நான் லாரிக்கு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு வரதன் மண்ணைக் கொத்திப் புரட்டி, கட்டியை உடைத்து, கறுப்புக் கறுப்பாக உள்ளே கிடந்த கிழங்குகளைக் குந்திக்கொண்டே பொறுக்கினான். வலையில் விழுந்த குப்பையிலிருந்து சின்ன இறாலைப் பிரித்துப் பழகிய விரல்கள். கொத்தும்போது மூச்சு முட்டும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாதாமரத்தடியில் போய்ச் சாய்ந்துகொள்வான். நெஞ்சு அடங்கியதும் எழுந்து வருவான். தான் இளைப்பாறியதை யாரும் பார்த்தார்களா என்று ஒரு தரம் கேட் பக்கம் பார்த்துக்கொள்வான்.

கிழங்கு ஒழிந்ததும் செம்மண் லாரி வந்தது, மக்கிய எரு வந்தது. இரண்டையும் கலந்து பரப்பிப் பலகையால் மட்டம் பண்ணினான். நர்சரியிலிருந்து வந்த புல் நாற்றை விரலால் குழி போட்டுக் குழி போட்டு நட்டான். ஏற்கெனவே அங்கங்கே உயிரோடு இருந்த அருகம்புல்லைப் பிடுங்க மனசு வரவில்லை, விட்டுவிட்டான். அத்தாவுல்லாவின் லாரித் தண்ணீரை ஓஸ் பைப்பில் பூவாளி மாட்டிச் சாயங்காலம் சாயங்காலம் தெளித்தான். கிளப்பு போர்வெல்லில் வருவது கடல் ஏறிய தண்ணீர், வாயில் வைக்க முடியாது. அதனால்தான் லாரி.

வீட்டில் அவனுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. கடலில் இருந்து வந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், இப்போது பூவம்மா செதில் சுரண்டும்போது எதிரில் குந்திக்கொண்டு புல்லைப் பற்றிப் பேசினான்.

"வேரு புடிச்சிச்சா?"

"மேடைப் பக்கம் புடிச்சிகீது. கேட்டாண்ட தான் இன்னும் சோம்பலா கீது. ரெண்டு மூணு எடத்துல புதுசா வுட்டுகீது பாரு, கொழந்தைக்கு பல்லு மொளைக்குமே, அது மாரி."

"நீ கொழந்தப் பல்ல எங்க பார்த்த? அம்முக்கு பல்லு மொளைக்கறப்போ நீ ஆந்திரா கடல்ல இருந்தே."

மகளைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான். அவன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாசி மாதம் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தினமும் ஒரே வீட்டில் தூங்கி எழுந்தது அப்போதுதான்.

அந்தச் சந்தோஷத்தை எப்படியாவது கெட்டிப்படுத்திவிட வேண்டும் என்று பூவம்மாவுக்கு ஒரு வேகம் வந்தது. அவர்கள் வீட்டு வாசலில் இருக்கிற முருங்கை, குப்பத்திலேயே பேர்போனது. காய்த்தால் கிளை தரையைத் தொடும். "இன்னா போடுற பூவம்மா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்: "மீன் தண்ணி." மீன் கழுவிய தண்ணீரை அவள் ஒரு நாளும் சாக்கடையில் கொட்டியதில்லை. முருங்கைக்குப் போட்டுப் போட்டுத்தான் அது அப்படி நின்றது.

ஆகவே அவள் காசிமேட்டு ஏலக்கூடத்தில் இரண்டு வெள்ளைக் கேன்களைக் கொண்டுபோய் வைத்தாள். அங்கே பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரை மொண்டு மீன் மேல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ரத்தமும் செதிலும் கலந்து ஓடுகிற அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கேனை நிரப்பிக்கொண்டாள். ஷேர் ஆட்டோக்காரன் முகம் சுளிப்பான். அவனுக்கு ஒரு கை நெத்திலி. கிளப்புக்குப் பின் தெருவில் இறங்கி, கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு, இடிந்த சந்து வழியாகக் கேன்களோடு உள்ளே நுழைந்துவிடுவாள். வரதன் குளித்து நாஸ்தா முடித்து வருவதற்குள் ஊற்றிவிட்டுப் போய்விடலாம். கேட்டுப் பக்கம் வராதே என்றுதானே சொன்னான். இது கேட் இல்லையே.

டப்பாவால் மொண்டு மொண்டு, இலையில் படாமல் வேரில் ஊற்றுவாள். எங்கே சோம்பலாக இருக்கிறது என்று அவன்தான் வீட்டில் சொல்லிவிடுகிறானே, அங்கே ஒரு டப்பா கூட. "வாங்கிக்க ராஜா. வாங்கிக்கினு என் ஆம்பளைய கரையிலயே வெச்சிரு" என்பாள். பச்சைப் பசேலென்று நின்று வேலை நிரந்தரமான பிறகு, ஒரு நாள் மெதுவாக அவனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அவன் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துத் தனக்குத் தானே சிரித்துக்கொள்வாள்.

வீட்டில் மீன் கழுவுவது குழாய்த் தண்ணீரில். காசிமேட்டில் மீன் கழுவுவது கடல் தண்ணீரில். குப்பத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், மீன் தண்ணி. பெயர் ஒன்றாக இருந்ததால் அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து உப்பிலேயே நிற்கிறவளுக்கு உப்பு தனியாக எங்கே தெரியப் போகிறது.

மாசி கடைசியில் கேட் பக்கத்துப் புல் நுனியில் பழுத்தது. தண்ணீர் போதவில்லை என்று வரதன் கூடத் தெளித்தான். பழுப்பு மேடைப் பக்கமும் வந்தது. அருகம்புல்கூடச் சுருண்டது. பூவம்மா வீட்டில் இதைக் கேட்டுவிட்டு, மறுநாள் அந்தந்த இடத்துக்கு இரண்டு டப்பா கூடுதலாக ஊற்றினாள்.

திருமுருகன் ஒரு நாள் காலையில் வந்து லானைச் சுற்றிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா வரதன், இங்க ஒரே மீன் நாத்தமா அடிக்குது?"

வரதனுக்கு முகம் செத்துவிட்டது. "குளிச்சிட்டு தான் சார் வர்றேன்."

"அய்யோ, உன்னைச் சொல்லலப்பா, இங்க தரையில—"

"டெய்லி சோப்பு போட்டு தான் சார் குளிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஓஸைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டான். திருமுருகன் பின்னாலேயே போய் விளக்கிச் சொல்லியிருக்கலாம். தர்மசங்கடமாக இருந்ததால் அவரும் அதை அப்படியே விட்டுவிட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன் வரதன். நாற்றம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அது தன்னைத்தான் என்று எடுத்துக்கொள்வான். தரையை முகர்ந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும், அந்த வாசனையிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு அது.

அன்றைக்கு அவன் வாசனைச் சோப்பும் பவுடர் டப்பாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். பூவம்மா துணி ஊற வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் சொக்காவ உன் பொடவையோட சேர்த்துப் போடாத இனிமே."

"ஏன்யா?"

"மீன் கவுச்சி ஒட்டிக்கினு வருது. அங்க மானம் போவுது."

அவள் அவனுடைய சட்டைகளை வேறு வாளியில் எடுத்துப் போட்டாள். காயப்போடவும் தனியாக ஒரு கொடி கட்டினாள். அவனுக்கு அப்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவன் பரம்பரையில் யாருக்கும் இருந்ததில்லை.

சில நாளில் பழுத்த இடங்களில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதை வரதன் பார்த்தான். காய்ந்த வலையிலும் லாஞ்சின் பலகையிலும் பார்த்துப் பழகிய வெள்ளை அது. உப்பு. பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு லாரிதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் அத்தாவுல்லா வந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டான்.

"பாய், உண்மைய சொல்லு. தண்ணி எங்க புடிக்கிற?"

"எங்க புடிப்பாங்க? மெட்ரோ தண்ணி தான், கியூல நின்னு புடிச்சிகினு வர்றேன்."

"உடான்ஸ் வுடாத. கியூல நிக்க பேஜாரா கீதுன்னு வழியில எவன் போருலயோ ரொப்பிகினு வர்ற. உப்புத் தண்ணி. என் புல்லு சாவுது."

 அத்தாவுல்லா லாரியின் பின்னால் போய் வால்வைத் திறந்து, கையில் பிடித்துக் குடித்தான். மறுபடி பிடித்து நீட்டினான்.

"நீ குடி மாமு. உன் நாக்குக்குத் தெரியாத உப்பா? குடிச்சிட்டு சொல்லு."

வரதன் குடிக்கவில்லை. "இன்னிக்கி நல்ல தண்ணி கொண்டாந்திருப்ப. நேத்து இன்னா கொண்டாந்தே, எனுக்கு இன்னா தெரியும்."

"சர்தான். உனுக்கு இந்த வேலைய யாரு சொல்லி வாங்கிக் குட்த்தான்னு ஞாபகம் கீதா?"

"அந்த பேச்சு எதுக்கு இப்போ?"

"எதுக்குமில்ல. நாளைலேர்ந்து வேற வண்டி வரும்."

அன்றைக்குத் தெளிக்க வேண்டிய தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் அத்தாவுல்லா போனான். அதற்குப் பிறகு வந்த லாரிக்காரன் நினைத்த நாளைக்கு வந்தான், நினைத்த நாளைக்கு வரவில்லை. புல் இன்னும் வேகமாகச் செத்தது. லாரி மாறியும் உப்பு மாறவில்லையே என்று வரதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் வேறு யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஒரு நாள் பூவம்மா காசிமேட்டுக்குக் கிளம்பிப் போனதும் அவனும் கிளம்பி வந்து, வாதாமரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டான்.

வெளுக்கிற நேரத்தில் சந்துக்கு அந்தப் பக்கம் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு கேன் உள்ளே வந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பெண்சாதி வந்தாள்.

அவன் எழுந்திருக்கப் போனான். எழவில்லை. அவள் நேராகப் பழுத்த இடத்துக்குப் போய்க் குந்தினாள். டப்பாவால் மொண்டு, ஒரு கையால் புல்லை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வேரில் ஊற்றினாள். ஏதோ பேசிக்கொண்டே ஊற்றினாள். தூரத்தில் இருந்த அவனுக்கு மற்றதெல்லாம் கேட்கவில்லை, "ராஜா" என்றது மட்டும் கேட்டது. இரண்டு கேனும் தீர்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். புல்லை ஒரு பார்வை பார்த்தாள். தன் கையை முகர்ந்து பார்த்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.

வரதன் போய் அந்த ஈர மண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். காசிமேடு. வேறு எதுவும் இல்லை, காசிமேடேதான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான். திருமுருகன் சொன்ன நாற்றம் எது என்று இப்போது தெரிந்தது. அத்தாவுல்லா கையில் ஏந்திக் கொடுத்த தண்ணீர் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும்விட, கையை முகர்ந்து பார்த்தாளே, அதுதான் அவனைக் கொன்றது. கூடையோடு முன் கேட்டில் வரவிட்டிருந்தால், முதல் நாளே கேனைப் பார்த்து, "அடியே, அது கடல் தண்ணி" என்று சிரித்துத் தடுத்திருப்பான். அவள் ஒளிந்து வந்தது அவன் சொன்ன ஒரு சொல்லால்.

அன்று பகலில் உடைந்த செங்கல்லையும் கருங்கல்லையும் பொறுக்கி வந்து சுவர்ச் சந்தை அடைத்தான். கல் நிற்காத இடத்தில் சீமைக் கருவேல முள்ளை வெட்டி வைத்து நெருக்கினான். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்தான். உன் ஆம்பளையைக் கரையில் வைக்க நீ ஊற்றியதுதான் புல்லைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாளும் சீக்கிரமே வந்து சுவருக்கு உள் பக்கம் நின்றான். ஆட்டோ வந்து போன சத்தம் கேட்டது. காலடி நின்றது. கேனைக் கீழே வைக்கிற சத்தம்.  ஒரு கல் அசைந்தது. "ஸ்" என்று ஒரு சத்தம், முள் குத்தியிருக்கும். அவன் இந்தப் பக்கம் சுவரில் கை வைத்து நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செங்கல் தடிமன்தான். அப்புறம் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் மெதுவாக நடந்து போகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கே வரதன் அத்தாவுல்லாவைத் தேடிக்கொண்டு போனான். டோல்கேட்டில் ஒரு டீக்கடையோரம் லாரியை நிறுத்திவிட்டு அவன் பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான். வரதன் எதிரில் போய் நின்றான். 

"பாய், நான் பேசனது தப்பு."

"ஒக்காரு மாமு. டீ சொல்லட்டா?"

"உப்பு உன் லாரியில வர்ல. எங்க வூட்ல இருந்து தான் வந்துச்சி."

கேட்டு முடிக்கும் வரைக்கும் அத்தாவுல்லா பன்னைக் கையிலேயே வைத்திருந்தான். பாதி பன் டீயில் விழுந்துவிட்டது.

"பூவம்மாவாண்ட சொன்னியா?"

"இன்னான்னு சொல்ல?"

"சொல்லிடு. இல்லன்னா நாளைக்கி அம்மு வூட்டு மல்லிச்செடிக்கு ஊத்தப் போவுது."

வரதன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அது ஏற்கெனவே தன்னால தான் அண்ணன் பூட்டான்னு நெனச்சிகினு கீது. காத்து அடிக்குது போவாதன்னு சொல்லாம வுட்டுட்டேன்னு இன்னிக்கும் அழுவுது. இத்தையும் அது தலையில போடணுமா?"

அத்தாவுல்லா டீக்கிளாசைக் கழுவி வைத்தான். அடுத்த நாளிலிருந்து தன் சவாரிக்கு நடுவில் கிடைத்த தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து கிளப்பில் அடித்தான். தண்ணீரைத் தேங்க விட்டு மண்ணை அலசினால் உப்பு கீழே இறங்கும் என்று இருவரும் வாய்க்கால் வெட்டி வெட்டி விட்டார்கள். வரதன் நெஞ்சைப் பற்றிக்கூட யோசிக்கவில்லை. பங்குனி வெயிலில், செத்த புல்லுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அருகம்புல் மறுபடி தலை நீட்டியது. இன்னும் ஒரு மாதம் இருந்தால் வந்திருக்கும். ஒரு மழை பெய்திருந்தாலும் வந்திருக்கும்.

திருமுருகன் வந்து அந்தச் சின்னத் தளிர்களைக் குனிந்து பார்த்தார். "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் வரதன். முதலாளி ஆர்டர் குடுத்துட்டாரு" என்றார். உண்மையாகவே அவருக்கு வருத்தம். மறுநாள் பாய் சுருட்டினாற்போல் சுருட்டிய பிளாஸ்டிக் புல் வந்தது. தளிர்கள் மேலேயே விரித்து, ஓரத்தில் ஆணி அடித்தார்கள். கேட்டுக்கு ஏஜென்சியிலிருந்து யூனிபார்ம் போட்ட வாட்ச்மேன் வந்துவிட்டான்.

பூவம்மா அன்று அழவில்லை. "அதுக்கின்னா, வேற பார்த்துக்கலாம்" என்றாள். வரதன் வேறு பார்த்தான். எதுவும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள், கடலிலேயே சில நாள் தங்கிப் பிடிக்கிற தங்கல் கடைசியாக ஒன்று போய்வர லாஞ்சுகள் பரபரத்துக்கொண்டிருந்த நேரம். அவனுடைய பழைய லாஞ்சு மேஸ்திரி சமையலுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வெறும் சமையல்தான், கயிறு தொட வேண்டாம் என்றார். வலை கனக்கிறபோது சமையல்காரன், லாஞ்சு ஓட்டுகிற ஸ்ராங்கு என்று யாரும் பார்ப்பதில்லை, எல்லாரும் இழுக்க வேண்டியதுதான் என்று மேஸ்திரி, வரதன், பூவம்மா மூன்று பேருக்குமே தெரியும்.

கிளம்புகிற அன்று காலை பூவம்மா ஏலக்கூடத்திலிருந்து நேராகத் துறைக்கு வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தூக்குவாளியை அவனிடம் கொடுத்தாள். சுறாப்புட்டு. அவன் சட்டையும் லுங்கியும் மடித்த பையையும் கொடுத்தாள். பையில் மாத்திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகும் கூடையைத் தூக்காமல் நின்றாள்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத."

"சொல்லு."

"அந்த கிளப்புக்கு நான் வந்தேன். வராதன்னு சொன்னே, வந்தேன். பின்னால சந்து வழியா. டெய்லி மீன் தண்ணி கொண்டாந்து ஊத்தினேன், நம்ம முருங்கைக்கு ஊத்தறாப்ல. உனுக்குத் தெரியாது."

வரதன் லாஞ்சைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தான்.

"முன்னால கேட்டு வழியாவே வந்திருக்கலாம்மே நீ" என்றான்.

"நீதான வராதன்ன."

"ஆமா. சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து அவள் கேட்டதில்லை. அதில் அவளுக்குத் தைரியம் வந்து மீதியையும் கொட்டினாள்.

"கொஞ்சம் பழுத்துச்சி தான். நான் ரெண்டு டப்பா எச்சா ஊத்தி தேத்திகினு வந்தேன். தேறியிருக்கும்யா. எவனோ அந்த சந்த அடைச்சிட்டான். கல்லு வெச்சி, முள்ளு வெச்சி, வேணும்னே அடைச்சிகீறான். அதோட தண்ணி போவாம காஞ்சிபூட்ச்சி. இல்லன்னா நீ இன்னிக்கி ஏன் இந்த போட்டுல ஏறப் போற? என் வயிறு எரியுதுய்யா. எந்தப் பாவி அடைச்சானோ, அவன் கையி—"

"பூவு." அவன் அவள் வாயைப் பொத்தப் போன கையைப் பாதியில் நிறுத்தினான். "போட்டு கெளம்பற நேரம். யாரையும் ஒண்ணும் சொல்லாத."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆம்பளை கடலில் ஏறுகிற நேரத்தில் சாபம் விட்டால் அது எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. அவசரமாகக் குனிந்து துறைத் தண்ணீரைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டாள். கடலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சொன்னத எடுத்துக்காத ஆத்தா" என்றாள். அப்புறம், மனசு ஒப்பாமல்தான், அவனுக்காகச் சொன்னாள். "எவனா இருந்தா இன்னா. அடைச்சவன் நல்லா இருக்கட்டும். பொண்டாட்டி புள்ளைங்களோட நூறு வயசு நல்லா இருக்கட்டும். போதுமா? நீ ஏறு."

அவன் தலையை ஆட்டிவிட்டு ஏறினான். மேஸ்திரி கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் வரதனே அவிழ்த்தான்.